கடைசித் தண்ணி குடுத்தது ஆர்?

எங்கடை ஊரிலை செத்தவீட்டுக்குப் போனால் முதல் அலுவல் கையைப் பிடிக்கிறது. ரெண்டாவது அலுவல் கேக்கிறது. "எப்பிடி நடந்தது?" எண்டு கேட்டுப்போட்டு அங்கையே இருந்துவிட வேணும். வீட்டுக்காரர் முதலிலை இருந்து சொல்லுவினம். எத்தினை மணிக்கு மூச்சு வாங்கத் துவங்கினது, ஆர் கிட்ட நிண்டது, என்ன கதைச்சவர், கடைசித் தண்ணி ஆர் குடுத்தது. அடுத்த ஆள் வந்தவுடனை திருப்பியும் முதலிலை இருந்து. பின்னேரம் ஆகேக்கை வீட்டுக்காரருக்குத் தொண்டை அடைச்சுப்போடும், ஆனால் நெஞ்சு கொஞ்சம் இளகியிருக்கும். கேக்காமல் எழும்பிப் போனவையைப் பற்றித்தான் பிறகு புறுபுறுப்பினம், "வந்தா, இருந்தா, ஒரு வார்த்தை கேக்கேல்லை பாத்தியே" எண்டு.

பலெர்மோவிலை அப்பிடியில்லை. இஞ்சத்தைச் சனம் ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சி, "கொந்தோலியான்ஸே" எண்டு துக்கத்தைச் சொல்லி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போயிடும். எப்பிடி நடந்தது எண்டு கேக்கிறது இவையளுக்குப் பண்பில்லாத வேலை. இருவது வருசம் இஞ்சை சீவிச்சும் உது என்ரை மண்டைக்குள்ளை ஏறேல்லை. ஏறியிருந்தால் நான் சொல்லப்போற விசயம் நடந்திராது. நல்லதோ கெட்டதோ, என்ரை வாயாலைதான் நடந்தது.

அப்ப நான் பலெர்மோவிலை சீசா எண்ட பகுதியிலை வயசுபோன ஒரு மனிசனைப் பாக்கிற வேலையிலை இருந்தன். இப்ப அதுக்குப் பத்துப் பன்னிரண்டு வருசமாச்சு. மூண்டாம் மாடி, லிஃப்ட் தனக்கு மனம் வந்தால் வேலை செய்யும். மனிசனுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. பெண்சாதி எப்பவோ செத்துப்போனா. ஒரே மகள், மருந்துக்கடையிலை வேலை, கிழமைக்கு ஒருக்கா வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பாத்து எனக்கு ரெண்டு குறை சொல்லிப்போட்டுப் போவா. மனிசனுக்குக் கால்தான் ஏலாது, மூளை சும்மா மின்னும். குளிக்க வாக்கேக்கை நான் சத்தம் போட்டால், தானும் சத்தம் போடுவார். பிறகு ரெண்டுபேரும் சிரிச்சுப்போட்டு விடுவம்.

என்னை வேலைக்கு எடுத்த அண்டைக்கு, மகள் என்ரை பெர்மெஸ்ஸோவை, இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதிக் காகிதத்தை, பிரட்டிப் பிரட்டிப் பாத்துக்கொண்டு நிக்க, மனிசன் கதிரையிலை இருந்தபடி என்னைப் பாத்து வடிவான தமிழிலை, "தண்ணி" எண்டார். அட கோதாரி, ஆரிவர் எண்டு நான் முழிக்க, "சோறு" எண்டார். பிறகு, "சீக்கிரம்." அவ்வளவுதான் அவரிட்டை இருந்த தமிழ். பிறகு இத்தாலியன் பாசையிலை விளங்கப்படுத்தினார். ரெண்டாம் உலகச் சண்டையிலை அவர் குண்டு போடுற பிளேனிலை வயர்லெஸ்காரர். ஆபிரிக்கா வனாந்தரத்திலை பிளேன் விழுந்து, இங்கிலீசுக்கார வெள்ளைக்காரன் பிடிச்சு, கப்பலிலை ஏத்தி இந்தியாவுக்குக் கொண்டுபோனவன். பெங்களூர்ப் பக்கத்திலை முள்ளுக்கம்பி அடிச்ச ஒரு காம்ப். அங்கை தண்ணி காவினவையும் சமைச்சவையும் எங்கடை பாசைக்காரர். அவையளிட்டைப் பொறுக்கின மூண்டு சொல்லை எழுபது வருசமா வைச்சிருந்தார்.

அந்தக் காம்பிலை இருந்து அவர் தப்பினவர். தனிய இல்லை, தன்ரை பிளேனை ஓட்டின பைலட்டோடை. ரெண்டுபேரும் பலெர்மோக்காரர், ஒரே வயசுப் பெடியள். வருசத்துக்கு ஒருக்கா, ஏப்ரல் மாதக் கடைசியிலை, அந்தக் கதையை அவர் மேசையிலை இருந்து சொல்லுவார். கேக்கிறதுக்கு ஒரு ஆள் வருவா. பைலட்டின்ரை தங்கச்சி. எண்பத்தேழு வயது, கலியாணம் கட்டேல்லை, அதாலை எல்லாருக்கும் அவ இன்னும் சிஞ்ஞோரினா, குமர்ப்பிள்ளைதான். நகரத்தின்ரை மற்றப் பக்கம், ஒரேத்தோவிலை தனிய இருக்கிறவ. ரெண்டு பஸ் மாறி, சாம்பல் நிறக் கோட்டும், கையிலை நூலாலை கட்டின கேக் பெட்டியுமா வருவா. அண்ணன் செத்த நாளிலை, அண்ணனைக் கடைசியாப் பாத்த மனிசனோடை இருந்து சாப்பிடுறதுக்காக வாறது.

கதை இதுதான். காம்பிலை ஒரு பெடியன் நெருப்புக் காய்ச்சலிலை செத்துப்போனான். புதைக்கிற சேமக்காலை கம்பிக்கு வெளியிலை. பெட்டியோடை கொஞ்சப்பேரையும் சுவாமிமாரையும் வெளியிலை விடுறது வழக்கம். சண்டைக்கு முந்தி பலெர்மோவிலை, வியா மக்வேதா றோட்டிலை தையல்கடை வைச்சிருந்த ஒருத்தரும் அந்தக் காம்பிலை கைதி. அவர் கட்டில் சீலையிலை ரெண்டு வெள்ளை அங்கி தைச்சுக் குடுத்தார். அண்டைக்குச் செத்தவீட்டோடை போன நாலு சுவாமிமாரிலை ரெண்டுபேர் மட்டும் திரும்பி வந்தினம். "எங்கடை ஊராலை போயிருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்யச் சனம் வரிசையிலை நிண்டிருக்கும், என்ன செய்திருப்பியள்?" எண்டு நான் பகிடி பண்ண, "எல்லாரையும் மன்னிச்சிருப்பன், எனக்கு அவசரம்" எண்டு சொல்லுவார். சிஞ்ஞோரினாவும் சிரிப்பா.

அங்கையிருந்து கோவாவுக்கு நடை. கோவா போத்துக்கீசன்ரை கையிலை, அவன் சண்டையிலை இல்லை, அங்கை போய்ச் சேந்தால் வெள்ளைக்காரன் தொடமாட்டான். பகலிலை பத்தையுக்கை படுக்கிறது, பொழுதுபட நடக்கிறது. கோடை. குளமெல்லாம் வெடிச்சுக் கிடந்தது. பதினோராம் நாள் பைலட்டுக்குக் கால் வீங்கிக் காய்ச்சல் பிடிச்சுது. ஒரு புளியமரத்தடியிலை, இவற்றை கையிலை, வேதனைப்படாமல் அவர் கண்ணை மூடினார். இவர் கையாலை மண்ணைத் தோண்டித் தாட்டு, தடியிலை சிலுவை கட்டி வைச்சிட்டு, தனிய நடந்து கோவா போய்ச் சேந்தார். இந்த இடம் வரேக்கை சிஞ்ஞோரினா மேசையிலை கிடக்கிற அவற்றை கையைத் தொடுவா. பிறகு கேக் வெட்டுவம்.

எனக்கும் ஒரு தம்பி இருந்தவன். இருக்கிறான். எப்பிடிச் சொல்லுறது எண்டதுதான் அப்ப எனக்குப் பெரிய கரைச்சல். ஊரிலை சண்டை முடிஞ்ச அந்தக் கடைசிக் கிழமையிலை, சனத்தோடை சனமா வெளியிலை வந்து, ஆமிக்காரன் கூப்பிட ஒரு பஸ்ஸிலை ஏறினவனாம். கண்ட ஒரு பிள்ளை அம்மாவிட்டை வந்து சொன்னது. நீலச் சேட்டு, கையிலை ஒண்டுமில்லை. அதுக்குப் பிறகு ஒரு செய்தியுமில்லை. முப்பத்தொரு வயது அவனுக்கு. அம்மா மன்னாரிலை இருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனிலை கேக்கிற முதல் கேள்வி, "ஏதும் அறிஞ்சனியோ?" இத்தாலியிலை இருக்கிற நான் என்னத்தை அறியிறது?

எங்கடை தமிழ்ப் பூசையிலை மன்றாட்டுக்கு ரெண்டு பேப்பர் வைப்பினம். ஒண்டிலை உயிரோடை இருக்கிறவையின்ரை பேர், வருத்தக்காரர், பயணம் போறவை. மற்றதிலை செத்தவையின்ரை ஆத்துமா இளைப்பாற்றிக்கு. காணாமல் போனவையை எதிலை எழுதுறது எண்டு அந்த வருசங்களிலை கோயில் வாசலிலையே சண்டை நடந்தது. அம்மா கண்டிப்பாச் சொல்லிப்போட்டா, "என்ரை பிள்ளைக்கு ஆத்துமப் பூசை வைச்சால் நீ எனக்குப் பிள்ளை இல்லை." நான் ஓம் ஓம் எண்டன். எண்டுபோட்டு, ரெண்டாம் வருசம் கார்த்திகை மாதம் செத்தவையின்ரை பேப்பரிலை அவன்ரை பேரை எழுதினன். அடுத்த வருசமும் எழுதினன். எனக்கு ஏலாமல் போச்சு. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்வி, ஒவ்வொரு முறையும் ஃபோன் அடிக்க நெஞ்சிடி. செத்தவன் எண்டு வைச்சால் அழுதுபோட்டு வேலைக்குப் போகலாம். அதுதான் உண்மை, அதை மறைச்சு என்ன பிரயோசனம்.

அதுக்கு அடுத்து வந்த ஏப்ரல் சாப்பாட்டுக்குச் சிஞ்ஞோரினா கேக் பெட்டியோடை ஒரு காகிதமும் கொண்டு வந்தா. மாபிள் வெட்டுறவன்ரை காகிதம். குடும்பக் கல்லறையிலை தாயின்ரை பேருக்குக் கீழை அண்ணன்ரை பேரையும், பிறந்த திகதி, செத்த திகதியையும் வெட்டுறதுக்குச் சொல்லியிருக்கிறா. திங்கக்கிழமை வேலை துவங்குதாம். "நானும் போயிட்டால் அவனுக்கு இஞ்சை ஒரு அடையாளமும் இல்லை. திகதி சரிதானே? நீ ஒருக்காப் பாத்துச் சொல்லு" எண்டு காகிதத்தை மனிசனுக்கு முன்னாலை வைச்சா. மனிசன் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கிலைதான் கிடந்தது.

நான் பாஸ்தாக் கோப்பையை வைச்சிட்டுக் குசினிக்குப் போக வெளிக்கிட, அவ, "நீயும் இரு, பிள்ளை" எண்டா. இருந்தன். கல்லிலை வெட்டப்போற அந்தப் பேரைப் பாக்க எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. எழுபது வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அந்த வீட்டிலை செத்தவீடு நடக்கிற மாதிரிக் கிடந்தது. என்னை அறியாமலே அவவின்ரை ரெண்டு கையையும் பிடிச்சன். பிடிச்சால் அடுத்தது வாய் தானா வரும். மனிசனைப் பாத்து, "எப்பிடி நடந்தது, சிஞ்ஞோரே?" எண்டு கேட்டன்.

"உனக்குத் தெரியும்தானே. காய்ச்சல்" எண்டார்.

"அது தெரியும். எத்தினை மணிக்கு?"

"பின்னேரம்."

"தலைமாடு எந்தப் பக்கம்? ஏதும் கதைச்சவரோ? தாயைக் கூப்பிட்டவரோ?"

சிஞ்ஞோரினா என்ரை கைக்குள்ளை இருந்து தன்ரை கையை எடுக்கேல்லை. எழுபது வருசத்திலை அவவும் தாயும் இதொண்டும் கேக்கேல்லை எண்டது அவவின்ரை முகத்திலை தெரிஞ்சுது. கேக்கக்கூடாது எண்டு வளத்தவை. இப்ப ஆரோ ஒருத்தி கேக்கிறாள், அவ காதைக் குடுத்துக்கொண்டு இருக்கிறா. மனிசன், "நித்திரை மாதிரிப் போயிட்டான்" எண்டார். அதோடை நான் விட்டிருக்கலாம். என்ரை வாய் சும்மா கிடவாதே. எங்கடை ஊரிலை எல்லாத்துக்கும் கடைசியாக் கேக்கிற கேள்வியைக் கேட்டன்.

"கடைசித் தண்ணி குடுத்தது ஆர்? நீங்களோ?"

மனிசன் முள்ளுக்கரண்டியைக் கீழை வைச்சார். "தண்ணி" எண்டார் தமிழிலை. பிறகு தண்ணிக் கிளாசைக் கையிலை எடுத்து, குடிக்காமல் அதையே பாத்துக்கொண்டு இருந்தார். கீழை ஒருத்தன் மரக்கறி வண்டிலோடை கூவிக்கொண்டு போனான். நான் பயந்துபோனன், இவருக்கு ஏதும் செய்யுதோ எண்டு எழும்பினன். கையாலை என்னை இரு எண்டு காட்டினார்.

"போத்தல் என்னட்டை இருந்தது" எண்டார். "எங்களிட்டை இருந்தது ஒரு போத்தல். அது வெறும் போத்தல். அவன் மரத்தடியிலை சாஞ்சிருந்து, நீ போய்த் தண்ணி கொண்டு வா, நான் உதிலையே இருக்கிறன் எண்டான். பகிடியும் விட்டவன், எங்கை ஓடப்போறன் எண்டு. நான் ஒரு மணித்தியாலம் நடந்தன். ஒரு கிணறு இருந்தது. குடிச்சன். போத்தலை நிரப்பினன். திரும்பி வாற வழியிலை ஒரு மாட்டுவண்டில், கரி மூட்டை ஏத்தினது, மேற்காலை போகுது. வண்டில்காரன் என்ரை வெள்ளை அங்கியைக் கண்டிட்டு நிப்பாட்டினான், கையெடுத்துக் கும்பிட்டான், ஏறச் சொல்லிக் காட்டினான். நான் ஏறினன்."

சிஞ்ஞோரினா, "பிறகு?" எண்டா. குரல் சின்னப்பிள்ளையின்ரை குரல் மாதிரி இருந்தது.

"அடுத்த மரத்தடியிலை இறங்குவம் எண்டு நினைச்சன். பிறகு அதுக்கு அடுத்ததிலை. வண்டில்காரன் தன்னை ஆசீர்வதிக்கச் சொல்லித் தலையைக் குனிஞ்சான். ஆசீர்வதிச்சன். போத்தல் நிறைஞ்சபடி என்ரை மடியிலை கிடந்தது. அந்தத் தண்ணியை ரெண்டு நாளா நான்தான் குடிச்சன்."

"நீ அவனைப் புதைக்கேல்லை."

"இல்லை."

"அப்ப அவன் செத்தவனோ எண்டு உனக்குத் தெரியாது."

"தெரியாது. சண்டை முடிஞ்சு நான் உங்கடை வீட்டுக்கு வரேக்கை, அம்மா அரசாங்கம் அனுப்பின காகிதத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு படியிலை நிண்டவ. காணாமல் போனவர் எண்டுதான் அதிலை கிடந்தது. அவ என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு, வேதனைப்பட்டவனோ எண்டு. இல்லை எண்டன். பிறகு மற்றதெல்லாம் தானா வந்தது."

சிஞ்ஞோரினா காகிதத்தை நாலா மடிச்சுக் கைப்பையுக்கை வைச்சா. கோட்டைப் போட்டா. லிஃப்ட் அண்டைக்கு வேலை செய்தது, அவ ஏறேல்லை, படியாலை இறங்கினா. நான் பின்னாலை விழுந்தடிச்சு ஓடினன், விழுந்து கிழுந்து போடுவா எண்ட பயம். ரெண்டாம் மாடியிலை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. அழேல்லை. "எழுபது வருசமா நான் அவன்ரை ஆத்துமாவுக்குத்தான் மண்டாடினன்" எண்டா. "அவன் அந்த மரத்தடியிலை உயிரோடை இருந்து என்னைக் காத்துக்கொண்டு இருந்திருந்தால்? ஒரு நாள் இருந்தானோ, ஒரு வருசம் இருந்தானோ. ஆராவது தூக்கிக்கொண்டு போனவையோ. உயிரோடை இருந்த என்ரை அண்ணாவுக்காக ஒருத்தருமே மண்டாடேல்லையே, பிள்ளை." நான் அவவை பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனன்.

மேலை வந்து எனக்கு வந்த விசரை மனிசனிலை கொட்டினன். தமிழிலைதான் கொட்டினன், இத்தாலியன் பாசை அந்த அளவுக்குக் காணாது. "மனிசனோ நீங்கள்? நிறைஞ்ச போத்தலோடை திரும்பிப் போறதுக்கு ஒரு மணித்தியாலம், அதுக்குக் கால் ஏலாமல் போச்சோ? அந்த மனிசி கொண்டு வந்த கேக்கையும் வருசா வருசம் வாங்கித் திண்டியள்!" மனிசன் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தார். விளங்காத பாசையிலை கிடைச்ச பேச்சு அவருக்கு நல்லா விளங்கினது. ரெண்டு நாள் அவரைக் குளிக்க வாத்தன், சாப்பாடு குடுத்தன், ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.

மூண்டாம் நாள் ஞாயிறு. அம்மாவுக்கு எடுத்தன். "ஏதும் அறிஞ்சனியோ?" எண்டா. இல்லையம்மா எண்டன். "சரி, நான் அவனுக்கு எண்டு இண்டைக்கும் ஒரு செபமாலை சொன்னனான். நீயும் சொல்லுறனிதானே?" எண்டா. ஓம் எண்டன். ஃபோனை வைச்சிட்டுக் கட்டிலிலை இருந்திட்டன். நான் ஆரை ஏசினனான்? தம்பியை மரத்தடியிலை விட்டுட்டு வண்டிலிலை ஏறினவள் நானும்தான். அந்த மனிசனுக்காவது அப்ப சாவுப்பயம். எனக்கு என்ன பயம், ஞாயிற்றுக்கிழமை ஃபோனோ?

திங்கள் அவரோடை கதைச்சன். "கோப்பி போடட்டோ?" எண்டுதான் கேட்டன். அவருக்குக் கண் கலங்கிப்போச்சு.

மகளுக்கு விசயம் தெரிய வர, என்னைக் கிழிகிழியெண்டு கிழிச்சா. அப்பா சாப்பிடுறேல்லை, மெலிஞ்சு போறார், உன்னை ஆர் கேக்கச் சொன்னது, உன்ரை வேலை சமைக்கிறதும் கழுவுறதும் எண்டா. பிழை சொல்ல ஏலாது, அவ சொன்னது சரி. வேலையாலை நிப்பாட்டப்போறா எண்டு நினைச்சன். மனிசன்தான், "அவள் இருக்கட்டும்" எண்டு சொன்னவர். சிஞ்ஞோரினாவின்ரை சத்தமே இல்லை. அவர் ஒவ்வொரு நாளும் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருப்பார், எடுக்கத் துணிவில்லை. நான் எடுத்துத் தரட்டோ எண்டால் கையை ஆட்டுவார்.

மூண்டு கிழமை கழிச்சு அவ எடுத்தா. அவரைக் கேக்கேல்லை, என்னைத்தான் கேட்டா. "முந்தி ஒருக்கா உன்ரை தம்பியைப் பற்றிக் கதைக்கேக்கை, உங்கடை ஆக்களிலை காணாமல் போனவை கனபேர் எண்டு சொன்னனி. கோயிலிலை அவையளுக்கு என்ன செய்வியள்?"

ரெண்டு பேப்பரின்ரை கதையைச் சொன்னன். "காணாமல் போனவைக்கு எண்டு தனியப் பேப்பர் இல்லை, சிஞ்ஞோரினா. வீட்டுக்காரர் எதிலை எழுதினமோ அதிலை வாசிப்பினம்."

"உன்ரை தம்பி எதிலை?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டிலை பொய் போதும் எண்டு பட்டுது. "செத்தவையிலை" எண்டன். "நான்தான் எழுதினன். அம்மாவுக்குத் தெரியாது."

"நானும் அதிலைதான் வைச்சிருந்தன்" எண்டா. "ஆனால் எனக்கு ஒருத்தன் வந்து சொன்னான், செத்திட்டான் எண்டு. உனக்கு ஆர் சொன்னது?"

அவ கோவத்திலை கேக்கேல்லை. அறியத்தான் கேட்டா. அவ தொடந்து, மாபிள்காரனை வேண்டாம் எண்டு மறிச்சுப்போட்டன், உயிரோடை இருக்கிறவன்ரை பேரைக் கல்லிலை வெட்டுறேல்லைத்தானே எண்டா. "அவனிட்டைச் சொல்லு. இண்டையிலை இருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு எடுப்பன். கிட்ட இருக்கச் சொல்லு."

ஆறு மணிக்கு அடிச்சுது. சத்தம் எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போட்டுவிட்டன், மனிசனுக்குக் காது மந்தம். சுகமோ எண்டுகூடக் கேக்கேல்லை அவ. "என்ரை அண்ணா, தொண்ணூற்றிமூண்டு வயது, எங்கை இருந்தாலும் சுகமா இருக்க வேணும்" எண்டு சொல்லி, 'அருள் நிறைந்த மரியே' செபத்தின்ரை முதல் பாதியைச் சொன்னா. மற்றப் பாதி இவர் சொல்ல வேணும். இவர் துவங்கேல்லை. அவ காத்துக்கொண்டு நிண்டா. நான் குசினி வாசலிலை துடைச்ச கோப்பையையே திருப்பித் துடைச்சுக்கொண்டு நிண்டன். கடைசியிலை சொன்னார். சொல்லி முடிய அவ வைச்சிட்டா.

தொண்ணூற்றிமூண்டு வயது எண்டதைக் கேக்க எனக்கு முதலிலை ஒரு மாதிரித்தான் இருந்தது. இதென்ன விசர்க்கதை எண்டும் யோசிச்சன். இருவத்திமூண்டு வயதிலை மரத்தடியிலை விட்ட பெடியன் இப்ப எங்கையோ ஒரு கதிரையிலை இருந்து தண்ணி கேக்கிறானோ? பிறகு யோசிச்சன், ஏன் இருக்கேலாது, எனக்கு முன்னாலை தொண்ணூற்றிரண்டு இருக்குதுதானே. அவ நம்பினவவோ எண்டு எனக்குத் தெரியாது. நம்பிக்கையைப் பற்றி அவ கதைக்கேல்லை. உயிரோடை விட்டவனுக்கு உயிரோடை இருக்கிறவையின்ரை மன்றாட்டுத்தான் குடுக்க வேணும் எண்டு மட்டும் பிடிச்ச பிடியிலை நிண்டா.

இது சித்திரவதை எண்டு மகள் கத்தினா, ஃபோனைக் கழட்டப் போனா. "அதைத் தொடாதை" எண்டு மனிசன் சொன்ன சத்தத்துக்கு நானே திடுக்கிட்டன். அண்டையிலை இருந்து அஞ்சரைக்கே சீப்பாலை தலை இழுத்துவிடச் சொல்லுவார், நல்ல சேட்டைப் போட்டுவிடச் சொல்லுவார். சாப்பிடத் துவங்கினார். கோடை போச்சு, மழை துவங்கினது, ஒரு நாள்கூட அவ பிந்தேல்லை. செபத்தைத் தவிர ஒரு வார்த்தை கதைச்சதுமில்லை. கார்த்திகை வர, தமிழ்ப் பூசையிலை பேப்பரும் பேனையும் என்னட்டை வந்தது. பேனையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டுபோட்டு, எதிலையும் எழுதாமல் அடுத்த ஆளிட்டைக் குடுத்திட்டன்.

தை மாதம் ஒரு நாள் காலமை பத்து மணிபோலை மனிசன் போய்ச் சேந்தார். மகள் வழியிலை, அண்டைக்கு வேலைநிறுத்தம், பஸ்ஸுகள் ஓடேல்லை. நான் மட்டும்தான் கிட்ட நிண்டன். மூச்சு மாறினதைக் கண்டவுடனை கரண்டியிலை தண்ணி வாத்தன். முதல் கரண்டியை விழுங்கினார். ரெண்டாவது கடைவாயாலை ஒழுகிப் போச்சு. வாயைத் துடைச்சு, கண்ணை மூடிவிட்டன். பிறகு மகள் வந்தா, சுவாமி வந்தார், பெட்டிக்காரர் வந்தினம், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கொஞ்சிப்போட்டுப் போச்சினம். அந்த அமளியிலை நான் சிஞ்ஞோரினாவுக்கு அறிவிக்க மறந்துபோனன்.

ஆறு மணிக்கு ஃபோன் அடிச்சுது. மகள் உள்ளறையிலை. நான் ஓடிப்போய் எடுத்தன்.

"என்ரை அண்ணா, தொண்ணூற்றிமூண்டு வயது," எண்டு துவங்கினா.

"சிஞ்ஞோரினா, அவர் போயிட்டார். காலமை பத்து மணிக்கு."

செபம் நிண்டுது. நான் ஃபோனைக் காதோடை அமத்திக்கொண்டு நிண்டன். பிறகு அவ இத்தாலிக்காரர் ஒருத்தரும் கேக்காததைக் கேட்டா. "எப்பிடி நடந்தது?"

முதலிலை இருந்து சொன்னன். இரவு நித்திரை கொண்டது, விடிய தேத்தண்ணி வேண்டாம் எண்டது, மூச்சு மாறினது, எந்தப் பக்கம் தலையைச் சரிச்சார் எண்டது, எல்லாம். அவ குறுக்கை பேசேல்லை. கடைசியிலை, "தண்ணி குடிச்சவனோ?" எண்டா.

"ஓம். நான் குடுத்தன். ஒரு கரண்டி விழுங்கினவர்."

"நல்லது" எண்டா. அப்பதான் அவ அழுதது. எழுபது வருசத்துக்கும் சேத்து அழுதவவோ என்னவோ, நான் தடுக்கேல்லை. அழுது முடிய மூக்கைச் சீறிப்போட்டு, "இனி மற்றப் பாதியை நீ சொல்லு" எண்டா.

"ஓம், சிஞ்ஞோரினா. தமிழிலைதான் வரும்."

"தமிழிலை சொல்லு. உன்ரை தம்பியையும் சேப்பம். எத்தினை வயது அவனுக்கு?"

முப்பத்தொண்டு எண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்திட்டுது. பஸ்ஸிலை ஏறேக்கை அதுதான் அவன்ரை வயது. அதுக்குப் பிறகு நான் அவனுக்கு வயது எண்ணேல்லை, ஒரு பிறந்தநாள்கூட. சுவரோடை சாஞ்சு நிண்டு விரலை மடிச்சு எண்ணினன். அவ மற்றப் பக்கத்திலை காத்துக்கொண்டு இருந்தா.

"முப்பத்திநாலு" எண்டன். "வாற மாசியிலை முப்பத்தைஞ்சு."